நாசிலுக்கு வைத்த பொட்டு

டீசல் எஞ்சினுக்குள் எண்ணெயைப் பீய்ச்சுகிற சாமான் ஒன்று உண்டு. இஞ்செக்டர் என்று படித்தவர்கள் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் நாசில். ஒரு விரல் நீளம்தான் இருக்கும். அதற்கு நான் பொட்டு வைத்த கதை இது. எட்டாவது வரை படித்தவள் எழுதுகிறேன்.

வலங்கைமானுக்குத் தெற்கே எங்களுக்கு ஐந்து மா, ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல், குத்தகை நிலம். மாமனார் காலத்திலிருந்து எங்கள் சாகுபடிதான். வீட்டுக்காரர் ஒரு பழைய டீசல் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கியதும், நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் தஞ்சாவூர் ரெவின்யூ கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார். கார் ஓட்டுகிறவன் வயலில் இறங்குவதில்லை, அவனை வெளியேற்ற வேண்டும் என்று மனு. குத்தகைக்காரரோ அவர் குடும்பத்தாரோ சொந்த உடம்பால் உழைத்தால் நிலம் நிற்கும் என்பது சட்டம். உழைத்தது நான். அதை நான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

எங்கள் வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "பதினோரு மணிக்குக் கூப்பிடுவாங்கம்மா. ஏற்கெனவே ரெண்டு வாய்தா வாங்கியாச்சு. இந்தத் தடவை நீங்க இல்லன்னா நிலம் போச்சு. பஸ்ஸுல வாங்க. கார்ல வந்து இறங்கிடாதீங்க, நான் தலையில அடிச்சுக்குவேன்."

விசாரணை, விஜயதசமிக்கு மறுநாள்.

ஆயுத பூஜைக்கு வீட்டுக்காரர் நாலு நாசிலையும் கழற்றிச் சுத்தம் செய்து, தூசி போகாமல் வாய்க்கு மூடி போட்டு, வாழை இலையில் சாமி முன்னால் வைத்திருந்தார். அரிவாள், மண்வெட்டி, மரக்கால் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். நாசிலைப் பார்த்தேன். சாமி முன்னால் வாயை மூடிக்கொண்டு இருக்கலாமா என்று தோன்றிவிட்டது. மூடிகளைக் கழற்றி, குழாய் வந்து பொருந்துகிற அந்த வாயிலேயே ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. கடைசி நாசிலுக்கு, அம்மா தாயே, நிலத்தைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டு கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். பிறகு பழையபடி மூடியைப் போட்டுவிட்டேன். பக்தி வந்தால் எனக்கு அளவு தெரியாது. மறுநாள் அவர் மேலே ஒட்டியிருந்ததை மட்டும் துடைத்துவிட்டு மாட்டிவிட்டார். உள்ளே போனது அவருக்குத் தெரியாது.

விசாரணை நாள் காலையில் பஸ் வரவில்லை. குறுவை அறுப்புக் கூலியை உயர்த்தச் சொல்லி மெயின் ரோட்டில் மறியல். கூலிக்கு அறுத்தவள்தான் நானும். அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் எனக்குப் பதினோரு மணி ஆயிற்றே! வேறு வழியில்லாமல் காரை எடுத்தோம். எங்களோடு, பக்கத்து வயலில் நடவு நடுகிற அக்கா சாட்சியாக வந்தாள். வாய்க்கால் கரை ரோட்டில் நாலு மைல்கூடப் போகவில்லை. கார் தடதடவென்று உதறியது. பின்னால் ஒரே புகை.

"ஏங்க, என்னங்க இது?"

"ஒரு நாசில் வேலை செய்யல. முந்தாநாள்தானே சுத்தம் பண்ணினேன்!"

அக்கா எட்டிப் பார்த்தாள். "இந்தப் புகைய விட்டா கொசு செத்துடும் தம்பி. உன் கேஸும் சேர்ந்து செத்துடும்."

மதகு ஓரம் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு நாசிலின் குழாய் நட்டையும் அரைச் சுற்று தளர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி இறுக்கினார். நல்ல நாசிலாக இருந்தால், தளர்த்தியதும் எஞ்சின் சத்தம் இன்னும் தடுமாறும். கெட்டதாக இருந்தால் எந்த மாற்றமும் தெரியாது. முதலாவது தடுமாறியது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நாலாவதைத் தளர்த்தினார். சத்தம் மாறவே இல்லை.

கடைசி நாசிலுக்குத் தாராளமாக வைத்த பொட்டு நினைவுக்கு வந்தது. அந்த நாலாவது எது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"ஏங்க... நான் அதோட வாயில பொட்டு வச்சேங்க."

"எந்த வாயில?"

"குழாய் மாட்டுற வாயில."

அவர் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். "அடிப் பாவி! பில்டரத் தாண்டி அங்க ஒரு தூசிகூடப் போகக் கூடாதுடி! பம்புசெட்டு நாசில நீதானே கழுவுற, உனக்குத் தெரியாதா?"

"சாமிக்குத்தானே வச்சேன்!"

அக்கா சிரித்துச் சிரித்து மதகில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் சிரித்துவிட்டார். நான் மட்டும் அழுதேன். மணி ஒன்பதே கால்.

நாசிலைக் கழற்றி, பீய்ச்சுகிற முனை வெளியே பார்க்கும்படி குழாயில் மாட்டி, எஞ்சினைச் சுற்றவிட்டார். "கையை முன்னாடி கொண்டுபோகாதே. அந்த வேகத்துக்கு டீசல் தோலுக்குள்ளயே ஏறிடும்" என்றார். நல்ல நாசிலாக இருந்தால் பனி மாதிரி மெல்லிய தூற்றலாக வரும். இதில் மூக்கு ஒழுகுவதுபோல் சொட்டியது. அவருடைய விரல் தடிமன். வயலில் எஞ்சினைப் பார்த்துக்கொள்வது நான்தான் என்பதால், பிரித்துக் கழுவும் வேலையை என்னிடம் விட்டார். முன்பக்க நட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு சின்ன ஊசி, அது ஓடுகிற கூடு. ஊசி அசையவே இல்லை. குங்குமம் சிவப்புக் களிம்பாக இறுகி அதைப் பிடித்திருந்தது. தூக்குச்சட்டியைக் கழுவித் துடைத்து அதில் சுத்தமான டீசல் ஊற்றி ஊறப்போட்டு, மெல்ல ஆட்டி ஆட்டி இழுத்தேன். வந்தது! துணி தொடக் கூடாது, நூல் ஒட்டிக்கொள்ளும். ஒரு கூட்டின் ஊசியை வேறு கூட்டில் போடவும் கூடாது, இரண்டும் ஜோடி. விரலாலேயே கழுவி, கூட்டைச் சாய்த்துப் பிடித்து ஊசியைப் பாதி இழுத்து விட்டேன். தன் கனத்திலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. அதுதான் பரீட்சை. "இறங்கிடுச்சுங்க!" என்று நான் கத்தியதில் வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்த எருமைகள் திரும்பிப் பார்த்தன.

மற்ற மூன்றின் வாயையும் டீசலால் கழுவினோம். நாசிலைப் பழையபடி பூட்டி, குழாய்களை மாட்டி, எஞ்சினைச் சுற்றவிட்டு, நட்டு வழியாகக் காற்றுக் குமிழி போய் வெறும் டீசல் வந்ததும் இறுக்கினார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு நொடி முனகியது, பிறகு ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது. புகை இல்லை! அன்றிலிருந்து ஆயுத பூஜைக்குப் பொட்டு, பானட்டுக்கு மட்டும்தான்.

தஞ்சாவூருக்குள் நுழையும்போது மணி பத்தே முக்கால். பெரிய கோயில் கோபுரம் தெரிந்ததும் காரிலிருந்தே கும்பிட்டேன். காரைத் தூர நிறுத்திவிட்டு, நானும் அக்காவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொள்ள, மூவரும் ஓடினோம். என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மிராசுதாரின் வக்கீல் என் கையைப் பார்த்துவிட்டார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. "ஐயா, பாருங்க! இது நடவு நட்ட கையா? ஒர்க்‌ஷாப்பிலேருந்து வர்றாங்க. கார்லதானேம்மா வந்தீங்க?"

எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். சாமி கும்பிட்ட வாயால் பொய் வரவில்லை. "ஆமாங்க, கார்லதான் வந்தோம். பஸ் ஓடல. வழியில நாசில் அடைச்சுக்கிச்சு, நான்தான் கழுவினேன்."

விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "நாசில் கழுவ நீங்க எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"வயல்லதாங்கய்யா. ஆத்துல தண்ணி வர்றதுக்கு முன்னாடி நாத்தங்காலுக்கு எஞ்சின் வச்சுத்தான் எறைக்கணும். இவரு வண்டிக்குப் போயிடுவாரு. எஞ்சின் நின்னா நாத்து காஞ்சிடும். யாரக் கூப்பிடுறது?"

"நாத்த எத்தனையாவது நாள் பறிச்சீங்க?"

"இருபத்தெட்டாம் நாளுங்க. இருபத்தஞ்சுலயே பறிச்சிருக்கணும். கூலி பேச்சுல ஆள் வரல. நானும் இந்த அக்காவும் ரெண்டு நாள் பறிச்சோம்."

அக்கா பின்னாலிருந்து, "எனக்கு இடுப்பு இன்னும் நிமிரலீங்கய்யா" என்றாள். அதிகாரியே சிரித்துவிட்டார். அப்புறம் மிராசுதார் தரப்பைப் பார்த்து, எங்கள் வயலில் அந்தப் போகம் என்ன ரகம் போட்டது என்று கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன்.

ஒரு மாதம் போல் கழித்து உத்தரவின் நகல் வந்தது. மனு தள்ளுபடி. வீட்டுக்காரர் அந்த ஒரு வார்த்தையைப் படித்ததும் காரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குச் சொல்லப் பறந்துவிட்டார். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுவதையும் படித்தேன். மாமனார் காலத்திலிருந்து குத்தகைச் சீட்டில் ஆண்கள் பெயர்தான். இரண்டாம் பக்கத்தில், இந்த நிலத்தில் சொந்த உழைப்பால் பயிர் செய்துவருபவர் என்று எழுதி, என் பெயரைப் போட்டிருந்தார்கள்.