சிரிக்காத முகம்

ஒட்டுசுட்டானில் தனி ஆளாகக் காடு வெட்டி வயலாக்கியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேநீரைத் தொடாமல் எழுந்தார்கள்.

"ஐயாவுக்கு எங்களைப் பிடிக்கேல்லைப் போல."

எனக்குப் பிடித்திருந்தது. முகம்தான் அசையவில்லை. மற்றவர்கள் மறைக்கிற நோயை என் மனைவி அடுப்படிக் குசினி வாசலில் நின்று சொல்லிவிட்டாள்.

"இருங்கோ. இவருக்கு மூளையில நரம்புக்கு நரம்பு சேதி கொண்டுபோற சாறு குறைஞ்சு போச்சாம். வவுனியா டொக்டர் சொன்னவர். அதுதான் சிரிப்பு வருகுதில்லை. குளிசை மருந்து எடுக்கப் போவமெண்டா, சண்டையால வவுனியாப் பாதையும் பூட்டு."

மாப்பிள்ளையின் தாய் என்னைப் பார்த்தார்.

"அப்ப உங்களுக்குச் சம்மதமோ?"

"ஓம்."

அவர் உட்கார்ந்து தேநீரை எடுத்தார்.

கலியாணப் படத்தில் மரக்கட்டைபோல நிற்கிறேன். எனக்குப் பின்னால் தெரிகிற அந்தப் பந்தல் முழுக்க என் வயல் உழைப்பு.