இரண்டு பிடி கோதுமை மாவு

அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த அறுபத்தாறாம் வருஷம் ரேஷனில் கோதுமை போட்டார்கள். பிள்ளையார்பாளையம் முழுக்க அதைத்தான் கஞ்சியாகவும் சப்பாத்தியாகவும் தின்றது. எல்லார் வயிறும் ஏற்றுக்கொண்டது. வடிவாம்பாள் வயிறுதான் முரண்டு பிடித்தது.

அவள் புருஷன் உமாபதியோடு தறியில் உட்காருகிறவள். அவர் புடவையின் உடலை நெய்வார். பக்கத்தில் இருந்து கரைக்கு நாடா போடுவது, ஊடை நூல் சுற்றிய கட்டையை இழைக்குள் தள்ளிவிடுவது, இவள் கை. அதனால் அடுப்பங்கரையைக் கொழுந்தன் பெண்சாதி ஏலவார்குழலியிடம் விட்டு வருஷம் பத்தாகிறது. அவள் போட்டதை இவள் சாப்பிடுவாள். ஒருநாளும் இது என்ன என்று கேட்டதில்லை.

வயிறு பானையாக உப்பியது. வாயெல்லாம் புண். ஒரு முழம் நெய்வதற்குள் கண் இருட்டியது. இடுப்பில் புடவை நிற்காத அளவுக்கு இளைத்துப் போனாள்.

“கோதுமைய தெருவே துன்னுது, யாருக்கு இன்னா ஆச்சு?” என்றாள் குழலி. “எல்லாம் அந்த எல்லம்மா பாலாலதான்க்கா. குட்டைத் தண்ணிய ஊத்தி எடுத்துக்கினு வரா.”

எல்லம்மாள் பன்னிரண்டு வருஷமாக அந்த வாசலில் பால் ஊற்றுகிறவள். “என் மாட்டு மேல சத்தியம்மா, ஒரு சொட்டு கலந்தது கெடையாது” என்று அழுதாள். வடிவாம்பாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள், “நாளையிலேர்ந்து வாணாம் எல்லம்மா.”

ஒரு மாதம் பாலைத் தொடவில்லை. வியாதியும் இறங்கவில்லை.

பிறகு தருமாஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா சொன்னதைக் கம்பவுண்டர் யேசுதாஸ் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: “பாலு ஆகலைன்னா குடிச்ச ரெண்டு மணிக்குள்ள வயிறு கடமுடாங்கும்மா. உப்பும், பேதியாவும், அன்னிக்கே அடங்கிடும். கோதுமை அப்படியில்ல. சில பேருக்கு அது மெள்ள மெள்ள உள்ள அரிக்கும். வாய்ப்புண்ணு, சோகை, இளைப்புன்னு மாசக்கணக்கா நிக்கும். மேலாப்ல ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். பால நிறுத்திப் பாத்துட்ட. இப்ப பால குடி, கோதுமைய மட்டும் தொடாத. ஒரு பொட்டும் கூடாது.”

வீட்டில் வந்து சொன்னாள். உமாபதி தலையை ஆட்டினார். குழலியும், “உனக்குத் தனியா அரிசி தோசை ஊத்தறேன்க்கா” என்றாள். பாலை வேறிடத்தில் வாங்கினார்கள்.

இரண்டு மாதம் போயிற்று. குணமில்லை. பாலும் காரணமில்லை, கோதுமையும் காரணமில்லை என்றால் பின்னே எது? பழைய பாவம்தான் என்று வடிவாம்பாள் முடிவு கட்டினாள். ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் வேளைக்கு ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம் என்று நேர்ந்துகொண்டு, உமாபதி கூட்டிப்போகக் குமரகோட்டத்து முருகன் கோயிலைச் சுற்றினாள்.

மூன்றாம் நாள் வயிறு தணிந்தது. ஐந்தாம் நாள் வாய் எரியாமல் பழம் தின்றாள். சூரசம்ஹாரத்தன்று கூட்டத்தில் நின்று, “முருகா, மன்னிச்சிட்டியா” என்று குலுங்கி அழுதாள்.

ஏழாம் நாள் குழலி சுட்டுக் கொடுத்த தோசையோடு விரதம் முடித்தாள். இரண்டு நாளில் பழைய வயிறு திரும்பி வந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. ஆறு நாளும் குடித்தது பால்தானே? பால் ஒன்றும் செய்யவில்லையே! வியாதி திரும்பி வந்தது குழலி கைச் சாப்பாட்டோடுதானே? அன்று சாயங்காலம் தறியை விட்டு எழுந்து நேரே அடுப்பங்கரைக்குப் போனாள். குழலி தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோதுமை மாவு டின் திறந்து கிடந்தது.

“இன்னா குழலி இது?”

“ரெண்டே பிடிதான்க்கா… அரிசி பத்தல.”

“எத்தினி நாளா?”

குழலி தறி இருந்த பக்கம் பார்த்தாள். “நீ ஆஸ்பத்திரி போயிட்டு வந்த நாளா. பெரியவருதான் சொன்னாரு. உனக்குத் தெரியாம போடுன்னு.”

வடிவாம்பாள் திரும்பிப் போய்த் தறிக்குழி ஓரம் நின்றாள். உமாபதி இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எல்லாம் மனசுன்னு நெனச்சேன் வடிவு. தெரியாம துன்னா வராதுன்னு பாத்தேன்.”

“வந்துச்சே. பாத்தீங்களே. ராவெல்லாம் நான் சுருண்டுக்கினு கெடந்தப்ப வெந்நி வெச்சி குடுத்தது நீங்கதானே?”

“அப்பறம் சொல்ல வெக்கமா பூட்சி.”

“பாவம் போவட்டும்னு கோயிலுக்கு இட்டுக்கினு போனீங்களே… சாமி எதுருல கூடவா வாய் வரல?”

அவர் குனிந்து இழையை நீவினார். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் எல்லம்மாள் வீட்டுக்குப் போய்க் கைகூப்பினாள். எல்லம்மாள் மாட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள், “பாலு தரேன்மா. உன் வாசப்படி மட்டும் ஏற மாட்டேன். வோணும்னா நீ வந்து வாங்கிக்கினு போ.” நியாயம்தான் என்று வடிவாம்பாள் சொம்பை நீட்டினாள்.

அன்றைக்கே புழக்கடையில் மூன்று கல் கூட்டித் தனி அடுப்பு வைத்தாள். ஒரே வீட்டில் இரண்டாவது புகை எழுந்தால் தெரு பேசும். பேசிற்று. மூன்று மாதத்தில் அவள் உடம்பு தேறிற்று, தெருவும் ஓய்ந்தது.

ஒருநாள் நெய்துகொண்டே உமாபதி மெதுவாகக் கேட்டார்: “இன்னும் எத்தினி நாளிக்கி வடிவு இந்தத் தனி அடுப்பு?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நாடா போடறேன். உங்களுக்குச் சொரம்னா பக்கத்துல குந்தியிருக்கறேன். நீங்க குடுக்கறத வாயில வெக்கறது மட்டும் இனி என்னால ஆவாதுங்க.”

சொல்லிவிட்டுக் கரை நாடாவைத் தள்ளினாள். அவர் இழையை நெருக்கும் பலகையை இழுத்து அடித்தார்.