புரட்டாசியில் வெளியே வந்த அடுப்பு

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை ஒன்றின் கேன்டீனில் சமைக்கிறவள் ஆக்னஸ். ஊர் திருமுல்லைவாயில். அவளுடைய அம்மா நாற்று நட்ட இடத்தில் இப்போது லிஃப்ட் வைத்த வீடுகள் நிற்கின்றன. அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. "அங்க இருந்தா கூலி. இங்க சம்பளம், பி.எஃப்பு" என்பாள்.

புரட்டாசி பிறந்தால் பட்டறையில் பாதிப் பேர் கவுச்சியை விட்டுவிடுவார்கள். மீதிப் பேருக்குக் கோழி இல்லாமல் சோறு இறங்காது. ஆக்னஸுக்கு விரதம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த மாதம் முழுக்கக் கவுச்சிக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி, பாத்திரம் தேய்க்கிற நார்கூடத் தனி. சாம்பார் அண்டா பரிமாறும் மேசைக்குப் போன பிறகுதான் கோழி அடுப்பில் ஏறும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அடுத்தவர் விரதம் தன் கையில் இருக்கிறது என்று அவளாகவே செய்துகொண்ட ஏற்பாடு.

அப்படிப்பட்டவளைத்தான் முதலாளி ஞானசேகரன் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே விஷயம் சரியில்லை என்று அர்த்தம்.

"கோழிக் குழம்புல விட்ட கரண்டியை சாம்பார்ல விடுறியாம். கம்ப்ளெயின்ட் வந்திருக்கு, ஆக்னஸ்."

"யாரு சார் சொன்னது?"

"பேரெல்லாம் எதுக்கு? தெரியாம நடந்துபோச்சுன்னு எல்லார்கிட்டயும் ஒரு மன்னிப்பு கேட்டுடு. இல்லேன்னா வெளி மெஸ்ஸுலதான் சாப்பாடு எடுக்கணும்."

வெளி மெஸ் என்றால் யாருடையது என்று பட்டறைக்கே தெரியும். ஸ்டோர் கீப்பர் சம்பத்தின் மச்சினன் நடத்துவது.

"நடக்காததுக்கு இன்னா சார் மன்னிப்பு?" என்றாள் ஆக்னஸ். குரல் உயரவில்லை. "இந்த வாரம் மட்டும் டைம் குடுங்க. அடுப்பத் தூக்கி வெளிய வெச்சிக்கிறேன். கியூவுல நிக்கிறவங்க கண்ணு முன்னாடியே ஆக்குறேன். அப்பவும் கொற சொன்னாங்கன்னா நானே போயிடுறேன்."

காய் நறுக்கும் தேவிப்பிரியாதான் பயந்தாள். "வெயிலு மண்டையப் பொளக்குதுக்கா. எல்லாரும் வேடிக்க பாப்பாங்க. மானம் போவும்."

"போன மானத்தை வாங்கத்தாண்டி வெளிய போறோம். அந்தப் பக்கம் புடி."

மறுநாள் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வெட்டவெளியில் இரண்டு அடுப்பும் எரிந்தன. நடுவே நாலு பேர் நடக்கிற இடைவெளி. கியூ வளைந்து வந்து அடுப்பைப் பார்த்தபடி நின்றது.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் யூசுப் விசிலடித்தான். "ஷோ சூப்பரா கீதுக்கா! டிக்கெட் எங்க குடுக்கிறாங்க?"

"உனக்கு ஃப்ரீ நைனா. தட்ட மட்டும் கழுவிக்கினு வா."

சிரித்தார்கள். ஆனால் விரதக்காரர்கள் கொண்டுவந்த டிபன் பாக்ஸைத்தான் திறந்தார்கள். நெற்றியில் நாமத்தோடு லேத் ராமன் வந்து சாம்பார் கொதிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாம்பார் வாங்காமல் திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கு மிஞ்சிய சாம்பாரை ஆக்னஸே கொட்டினாள். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான். அண்டாவில் சாம்பார் கொஞ்சம் இறங்கும், அதோடு நின்றுவிடும். அவளும் தினமும் அதே இடத்தில் அடுப்பு மூட்டினாள்.

வாரக் கடைசி, புரட்டாசி சனிக்கிழமை. ராமன் வெறும் தட்டோடு கியூவில் நின்றார். அவருக்குப் பின்னால் விரதக்காரர்கள் எல்லோரும். முதலில் யார் நீட்டுவது என்ற தயக்கம் மட்டும் இருந்தது. கியூவின் கடைசியில் சம்பத் நின்றிருந்தான்.

"சம்பத்து, இங்க வா" என்றாள் ஆக்னஸ்.

"இன்னாக்கா?"

"வாரம் பூரா ஸ்டோர் ஜன்னல்ல நின்னு பாத்துகினுதான கீற. எந்தக் கரண்டி எதுல போச்சின்னு உன்னவிட யாருக்குத் தெரியும்? சாமி கும்புடுறவங்களுக்கு நீயே ஊத்து."

கரண்டியின் காம்பு அவன் பக்கமாக நீண்டது. இது தீட்டான கரண்டி என்றால் இப்போதே, இத்தனை பேர் முன்னால் சொல்லியாக வேண்டும். கையில் வாங்கினால் முதலாளியிடம் போய்ச் சொன்னதெல்லாம் பொய் என்றாகிவிடும். சம்பத் கியூவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"ஊத்துப்பா, சோறு ஆறுது" என்று ராமன் தட்டை நீட்டினார்.

சம்பத் கரண்டியை வாங்கினான். ஊற்றினான். ராமன் நின்ற இடத்திலேயே பிசைந்து ஒரு வாய் வைத்தார். "பெருங்காயம் தூக்கலா கீதும்மா" என்றார். அதற்குப் பிறகு கியூ நிற்கவே இல்லை. கை வலிக்க வலிக்க சம்பத்தே கடைசித் தட்டுவரை ஊற்றினான். அவனுக்கு ஆக்னஸ் ஊற்றினாள், எல்லோருக்கும் ஊற்றுகிற அதே அளவு.

ஆபீஸ் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஞானசேகரன் இறங்கி வந்தார். காலியான அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"சரி ஆக்னஸ். திங்கக்கிழமை அடுப்பை உள்ள எடுத்துக்கோ."

"வேணாம் சார். இங்கியே நல்லா காத்து வருது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "மேல ஒரு ஷீட்டு மட்டும் போட்டுக் குடுங்க. ஐப்பசி மழ வரப்போவுது."