கொஞ்சம்தானே கீறியிருக்கு

போட்டு முடித்த வயரிங்கைத் திறந்து பார்த்து, எது போகட்டும், எது கூடாது என்று சொல்லும் தொழிலில் நல்ல பேர் வாங்கியவர்களை நான் இதுவரை சந்தித்ததில்லை. விட்டாலும் திட்டு, விடாவிட்டாலும் திட்டு. வேலையிடத்தில் 'முடியாது' என்று சொல்லிவிட்டு அன்று மத்தியானம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எல்லாரும் என் இனம். இது அவர்களுக்காக எழுதுவது.

என் கணக்கு எளிது. வயரின் மேல்தோலில் கோடு விழுந்திருந்தால் விட்டுவிடுவேன். தோல் பிளந்து உள்ளே செம்பு தெரிந்தால் மாற்றச் சொல்வேன். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு விரலில் வளைத்துப் பார்ப்பேன். கீறல் வாய் திறந்தால் அதையும் மாற்ற வேண்டியதுதான். இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

கடலோர வீட்டு ஐயா

தஞ்சோங் கிளிங்கில் ஒரு புது வீடு. வீட்டுக்கார ஐயா கையில் பூதக்கண்ணாடியோடு எனக்காகக் காத்திருந்தார். அடுப்படி வயரில் நகம் பட்ட மாதிரி ஒரு கோடு. அதற்காக வீடு முழுக்க வயரை உருவி மாற்றும்படி கண்ட்ராக்டருக்கு நான் சொல்ல வேண்டுமாம்.

வளைத்துக் காட்டினேன். மீட்டர் மாட்டியும் காட்டினேன். ஒன்றும் இல்லை, போகட்டும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற மனைவியிடம் சொன்னார்: "பொம்பளபுள்ளய அனுப்புறப்பவே நெனச்சேன் லா. கண்ட்ராக்டரு நல்லா கவனிச்சிட்டான் போல."

கறுப்பு டேப்

அடுத்த வாரமே சுங்கை ஊடாங்கில் ஒரு வரிசை வீடு. அங்கே இதற்கு நேர் எதிர். கூரைக்குள் தலையை விட்டால், ஒரு வயரில் கறுப்பு டேப் தடித்த கட்டாகச் சுற்றியிருக்கிறது. நல்ல வயருக்கு எவன் டேப் சுற்றுவான்? பிரித்தேன். இரும்புக் குழாயின் கூர் விளிம்பில் இழுத்து, தோல் நீளமாக உரிந்து, செம்பு பளபளவென்று இருந்தது.

மாற்றுங்கள் என்றேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற வயரிங்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "நான்தான் அதுக்கு டேப்பால சட்டை போட்டு விட்டுட்டேன்ல அக்கா, நீங்க ஏன் கழட்டிப் பாக்குறீங்க?" என்றார்.

சாமி ஆணி

இனி என் சொந்தக் கதை. எனக்கு முப்பத்தாறு வயதில் கல்யாணம் நிச்சயமானது. ஜாசின் பக்கம், நான் பிறந்த தோட்டத்துக் கோவிலில் புதிதாகக் கட்டிய மண்டபத்தில் முதல் கல்யாணம் எங்களுடையது. அதற்கு வயரிங் செய்தவர் மாப்பிள்ளையின் சித்தப்பா நடராஜா. அதைச் சோதிக்க வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். ஆள் இல்லை என்று எங்கள் ஆபீஸ் போஸ் என்னையே அனுப்பினார்.

வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மண்டபம் திறந்த பூஜையன்று மாவிலைத் தோரணம் கட்ட, மேடைக்கு மேலே நட்ட நடுவில் ஓர் ஆணி அடித்திருந்தார்கள். அது இறங்கியிருந்தது வயர் ஓடும் பிளாஸ்டிக் பட்டையில். மணவறையின் இரும்புச் சட்டத்தையும் அந்த ஆணியில்தான் கம்பி போட்டு இழுத்துக் கட்டுவார்களாம். பிடுங்கிப் பார்க்க வேண்டும் என்றேன். கோவில் தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமிக்கு அடிச்ச ஆணிம்மா அது. கரண்டெல்லாம் அடிக்காது."

பிடுங்கிய பிறகு

மெயினை அணைத்துவிட்டு நானே ஏறிப் பிடுங்கினேன். பட்டையைத் திறந்தால், வயரின் தோல் பிளந்து செம்பு தெரிந்தது. ஆணி செம்பைத் தொட்டிருக்கவில்லை, மயிரிழை பாக்கி. இன்னொரு சுத்தியல் அடி போதும், மணவறைச் சட்டம் முழுக்கக் கரண்ட் ஏறிவிடும். அதைத் தொட்டுக்கொண்டு நிற்கப்போவது நாத்தனார் பிள்ளைகளும் தோழிப் பெண்களும்.

"தொடலையே மா" என்றார் சித்தப்பா. கொஞ்சம்தானே கீறியிருக்கு, கல்யாணம் முடியட்டும், பிறகு மாற்றலாம் என்றார். நான் முடியாது என்றேன். நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "ஊர்ல எல்லா வயரையும் பாத்துட்ட, உன் வாழ்க்கைய எப்ப பாக்கப்போற?"

லோரி டயர்

அந்தக் கேள்வி வலித்தது. இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டும், மாப்பிள்ளை தனபாலனைப் பிடித்திருந்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். என் வேலை தெரிந்தே பெண் கேட்டு வந்தவர். ஆனாலும் மறுநாள் அவரை மண்டபத்துக்கு வரச் சொல்லி நேராகவே சொன்னேன்: இந்த வயரை மாற்றாமல் மேடையில் உட்கார மாட்டேன், கல்யாணம் நின்றாலும் சரி.

மெயினை அணைத்துவிட்டு அவர் ஏணியில் ஏறினார். வயரை விரலில் வளைத்துப் பார்த்தார். கீறல் வாயைத் திறந்தது. இறங்கி வந்து, கைகட்டி நின்ற சித்தப்பாவிடம் சொன்னார்: "டயர்ல கம்பி தெரிஞ்சா நான் லோரிய எடுக்க மாட்டேன். அதுக்கும் இதுக்கும் என்னா வித்தியாசம், சித்தப்பா?"

மணவறையில்

சித்தப்பா வயரை மாற்றினார். என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

முகூர்த்த நேரம். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறேன். மேலே தோரணம் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்க, அலங்காரக்காரர் ஏணியைச் சாய்த்து ஆணியும் சுத்தியலுமாக ஏறினார், அதே நட்ட நடு இடத்துக்கு. "அண்ணே, அங்க அடிக்காதீங்க" என்று பட்டுச்சேலையோடு எழுந்து நின்றுவிட்டேன். மந்திரம் நின்றது, தவில் நின்றது, கூட்டம் வாயைப் பிளந்தது. தலையைக் குனி என்று யாரோ அதட்டினார்கள். நான் குனியவில்லை.

முன்வரிசையிலிருந்து எழுந்தவர் நடராஜா சித்தப்பா. இத்தனை நாள் பேசாதவர் என்னைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "ஆணிய கீழ வையி தம்பி. இந்தப் பொண்ணு தாலியக்கூட திருப்பிப் பாத்துட்டுதான் கழுத்த நீட்டும்."

திருப்பித்தான் பார்த்தேன்: பின்பக்கம் மேலாக ஒரு கோடு, செம்பு தெரியவில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.