கூடைமேல் போட்ட படங்கு

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் காம்பராவிலே கறுப்புப் பேட்டுக்கோழியை அடைவைத்திருந்தேன். பத்தொன்பதாம் நாள் காலை கடும் பனி. முட்டைகள் குளிர்ந்துவிடுமே என்று பயந்து, கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்கால் கோழியோடு கூடையை இறுக மூடிக் கட்டிவிட்டு மலைக்குப் போனேன்.

மத்தியானம் திரும்பியபோது பக்கத்துக் காம்பராச் செல்வி வாசலில் நின்று கத்தினாள்: "அக்கா, ஓடியாங்க! கூடையில சத்தமே இல்ல!"

படங்கைப் பிய்த்து எறிந்தேன். உள்ளே ஒரே புழுக்கம். கோழி அலகைப் பிளந்தபடி சரிந்து கிடந்தது. வெளியே தூக்கிவந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். கண் திறந்தது, ஆனால் கூடைப் பக்கமே போகவில்லை.

"இனிமே உக்காராதுக்கா" என்றாள் செல்வி.

முட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கோழி தானாகவே எழுந்துபோய் உட்கார்ந்தது. மூன்றாம் நாள் ஏழு குஞ்சுகள்.

இப்போதெல்லாம் கூடையை மூடுவதில்லை. குளிர்காற்று வரும் உடைந்த ஜன்னலில்தான் படங்கை ஆணி வைத்து அடிக்கிறேன். அன்றும் அடித்திருக்க வேண்டிய இடம் அதுதான்.