உப்புக் கை

இது நடந்தது. கற்பனை செய்து எழுதும் திறமை எனக்குக் கிடையாது. மாலைப் பள்ளியில் தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார்கள். அந்த நோட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன். 1946 ஆகஸ்ட் 8, வியாழக்கிழமை. நேரங்கள் எல்லாம் காருக்குள் இருந்த கடிகாரத்தில் பார்த்தவை. அது நான்கு நிமிடம் முந்தி ஓடும். அதைக் கழித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

பாளையம்பட்டியில் சீனிச்சாமி முதலாளியின் காரைத் துடைப்பது என் வேலை. கறுப்புக் கார். பெட்ரோல் கூப்பன் சரியாகக் கிடைக்காததால் மாதத்தில் இரண்டு நாள்தான் வெளியே போகும். சும்மா நிற்கிற அந்தக் காரை நாள் தவறாமல் கழுவி, வியாழக்கிழமை மெழுகு போட வேண்டும். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்பு. காய்ந்தால் கறுப்புப் பெயிண்டில் வெள்ளை பூத்துவிடும். அதனால் காருக்கு மட்டும் நல்ல தண்ணீர். அந்த வருஷம் மழை இல்லை. ஊர் உப்புத் தண்ணீர் குடித்தது. கார் நல்ல தண்ணீரில் குளித்தது.

முதலாளி தினமும் காலையில் வந்து மட்கார்டில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பார், உப்புக் கரிக்கிறதா என்று. தன் காரையே நக்குகிற மனிதர். கரித்தால் எனக்கு மாலைப் பள்ளி கிடையாது என்று சொல்லியிருந்தார். எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. தேறிவிட்டால் கார் நிற்கிற அந்தக் கொட்டகையை விட்டே போய்விடலாம்.

தண்ணீர் சுமந்தவள் முத்துத்தாய். இரண்டு மைல் தள்ளி, வற்றிய கண்மாய்க்குள் இருந்த கிணற்றிலிருந்து நாளுக்கு இரண்டு நடை. அவளிடம் இருந்தது ஒரே பித்தளைக் குடம். கழுத்தில் ஈயம் பற்றவைத்தது.

அன்று மதியம் இரண்டாவது நடைத் தண்ணீரைத் தொட்டு நானும் நாக்கில் வைத்தேன். உப்பு.

“பிள்ளைக்குக் காய்ச்சலு, தம்பி. நல்ல தண்ணிய வீட்டுல ஊத்திட்டேன். இன்னைக்கு ஒருநா பொறுத்துக்கிருங்க.”

‘என்னையே ஏமாற்றப் பார்க்கிறாள், கழுதை’ என்று அன்று நோட்டில் எழுதினேன். அந்த வரியை இன்னும் அடிக்கவில்லை. எனக்குப் பள்ளி போய்விடுமே என்ற பயம். நேரே போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் அவளைக் கூப்பிட்டார். சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

“காருக்கு வந்த தண்ணி ஒம் பிள்ளைக்குக் கேக்குதாக்கும். போ, எடுத்துட்டு வா.”

மணி 3.05. வெயிலில் வெறுங்காலோடு போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சூடான தகட்டில் மெழுகு பிடிக்காது. வெயில் தாழ்ந்த பிறகுதான் வேலை ஆரம்பிக்கலாம். 5.30க்குக் கொட்டகைக்குப் போனேன். குடம் வரவில்லை. 6.20க்கு மறுபடி போனேன். வாசலில் குடம் இருந்தது. விளிம்பு வரை தண்ணீர். சுற்றிலும் புழுதி. அதில் என் காலடியைத் தவிர வேறொன்றுகூட இல்லை…

ருசி பார்த்தேன். நல்ல தண்ணீர். கோபத்தில் சொல்லாமல் வைத்துவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

6.48. கழுவித் துடைத்து முடித்தேன். காலிக் குடத்தை வாசலிலேயே கவிழ்த்து வைத்தேன். அரிக்கேன் விளக்கை ஏற்றினேன். மெழுகு டப்பாவைத் திறந்தேன்.

இடது மட்கார்டில் வெள்ளை பூத்திருந்தது. ஐந்து விரல்… ஓர் உள்ளங்கை…

உப்பு.

என் கைதானோ என்று சந்தேகம். அதன்மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். என் கை பெரிது. அழுத்தித் துடைத்தேன். போய்விட்டது.

6.55. முன் கதவில் இன்னொன்று.

7.01. பின் கதவில். காரைப் பிடித்துக்கொண்டு யாரோ தள்ளாடி நடப்பதுபோல்… ஒவ்வொன்றாக… பின்பக்கம் சுற்றி…

ணங்.

வளையல் குடத்தில் இடிக்கிற சத்தம்.

ணங்… ணங்…

திரும்பினேன். குடம் நிமிர்ந்திருந்தது.

விளிம்பு வரை தண்ணீர்.

ஓடினேன்.

மறுநாள் காலை கார் பளபளவென்று நின்றது. ஒரு கறை இல்லை. மெழுகு போடாத கார் அது. கனவு கண்டேனோ என்று என்மேலேயே சந்தேகம் வந்தது. முதலாளி வந்தார். மட்கார்டில் விரலைத் தேய்த்து நக்கினார். முகம் சுளித்தது. கதவில் தேய்த்து நக்கினார். பின்பக்கம் போய், அங்கேயும் நக்கினார்.

“பூராம் உப்பு. ஏலே யேசுதாசா, இன்னையோட ஒம் பள்ளிக்கூடம் முடிஞ்சது.”

அப்போதுதான் முத்துத்தாயின் புருஷன் கோட்டைச்சாமி உள்ளே வந்தார். முதல் நாள் தண்ணீர் சேந்தும்போது கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்துவிட்டாளாம். ஐந்து மணிக்குப் பிணமாகத்தான் தூக்கினார்களாம். குடம் மட்டும் அகப்படவில்லை. இருட்டும்வரை பாதாளக் கரண்டி போட்டுத் தேடினார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவர் கொட்டகை வாசலில் நின்றார். குனிந்து, ஈயம் பற்றவைத்த கழுத்தைத் தடவினார்.

“இது எப்பிடி இங்க வந்துச்சு?”

ஐந்து மணிக்குத் தூக்கியிருக்கிறார்கள். ஐந்தரைக்குக் குடம் வாசலில் இல்லை. நோட்டில் இருக்கிறது.

நான் முதலாளியைப் பார்த்தேன். அவருடைய விரல் இன்னும் வாயில்தான் இருந்தது.