காய்ச்சல் மாத்திரையும் பெருமாள் கருணையும்

இன்று மாட்டுங்காவில் லோக்கல் ரயில் ஏறினேன். லேடீஸ் பெட்டியில் எதிரே எங்கள் பழைய பில்டிங் மாமி. டப்பாவைத் திறந்து சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்.

"கொரோனா சமயத்துல பெருமாள் என்னை துபாய்ல பொண்ணுகிட்ட கொண்டு சேர்த்த நாள். வருஷா வருஷம் பண்றேன்."

சாப்பிட்டுக்கொண்டே மாமி சொல்வதைக் கேட்டேன்.

"கிளம்பற அன்னிக்குன்னு பார்த்து ஜுரம். மாத்திரை போட்டுண்டு, சஹஸ்ரநாமம் சொல்லிண்டே ஏர்போர்ட்ல நின்னேன். ஜுரம் பாக்கற மிஷின்ல ஒண்ணுமே காட்டலை. எல்லாம் அவர் கருணை."

"பொண்ணுகிட்ட சொன்னீங்களா மாமி?"

"சொன்னா வராதேன்னுடுவாளே. பேரனைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சேடி."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்திதான் பாவம். அதே வீட்டுல இருந்தவர். நான் போன மறுவாரமே ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பலை. என்ன பண்றது, அவர் கோயில் வாசலையே மிதிக்க மாட்டார்."

முலுண்டுக்குப் போக வேண்டியவள் குர்லாவிலேயே இறங்கிவிட்டேன்.

அன்று விமானத்தில் மாமிக்குப் பக்கத்து இருக்கையில் போனவர் யாராவது இதைப் படித்தால், உயிரோடு இருப்பதாகக் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.